வீட்டுத் தளபாடத்தில் மீன்தொட்டி: பாரம் எந்த வழியாகத் தரைக்குப் போகிறது?

மீன்தொட்டி வாங்க நினைப்பவர் முதலில் தொட்டியின் விலையை விசாரிப்பார். பிறகு எந்த மீன், என்ன சாப்பாடு, மோட்டர் எவ்வளவு என்று கேட்பார். அதை எதன்மேல் வைப்பது என்ற கேள்வி, தொட்டி ஓட்டோவில் வந்து விறாந்தையில் இறங்கிய பிறகுதான் வரும். உடனே வீட்டில் சும்மா நிற்கிற சாமான்களின் பக்கம் எல்லாருடைய கண்ணும் போகும்: ரீவி வைத்திருந்த ஸ்ராண்ட், பிள்ளை படித்த மேசை, அம்மாவின் தையல் மெசின், மூலையில் கிடக்கிற வாங்கு.

அப்படித் தேடுவதில் பிழையில்லை. வீட்டில் உள்ள பல சாமான்கள் சிறிய தொட்டியைத் தாங்கும். சில, பெரிய தொட்டியையே தாங்கும். எது தாங்கும், எது தாங்காது என்று பார்த்துச் சொல்லப் பழகுவதும் கடினமில்லை. தொட்டியின் பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது, எவ்வளவு காலம் அப்படி இறங்கிக்கொண்டே இருக்கும் என்ற இரண்டும் விளங்கினால் போதும்.

முதலில் கணக்கு

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு கன அடி தண்ணீர் 28.3 லீற்றர். ஆகவே தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வருகிற விடையை 28.3ஆல் பெருக்கினால் தண்ணீரின் நிறை கிலோவில் கிடைத்துவிடும்.

பெரும்பாலானவர்கள் தொடங்குவது 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமான தொட்டியில். அதில் தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 57 கிலோ. கண்ணாடியும் லேசானது அல்ல: ஒரு சதுர மீற்றர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் இரண்டரைக் கிலோ நிறை இருக்கும். 5 மில்லிமீற்றர் கண்ணாடியில் செய்த இரண்டடித் தொட்டி வெறுமையாகவே 9 கிலோவுக்கு மேல் வரும். அடியில் ஓர் அங்குலத்துக்குக் கல் பரப்பினால் அது இன்னொரு 7 கிலோ. மொத்தம் 75 கிலோவுக்குக் கிட்ட, அதாவது ஒன்றரைச் சீமெந்துப் பை.

இனி மூன்றடிக்குப் போவோம். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பார்வைக்கு முந்தியதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. தண்ணீர் 191 கிலோ; கண்ணாடியும் கல்லும் சேர ஏறக்குறைய 250 கிலோ, ஐந்து சீமெந்துப் பை. நாலடி நீளத்தில் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் என்று போனால் அரைத் தொன்னைத் தாண்டும். நீளத்தோடு அகலமும் உயரமும் சேர்ந்து பெருகுவதால் பாரம் நாம் கண்ணால் மதிப்பிடுவதைவிட மிக வேகமாக ஏறும். கண்மதிப்பை நம்பாமல் ஒருமுறை பெருக்கிப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

எழும்பிப் போகாத பாரம்

"மூண்டு பேர் ஏறி நிண்டாலும் அசையாது அண்ணை" என்று ஒரு மேசையைத் தட்டிக் காட்டுவார்கள். உண்மையாகவே அசையாமல் இருக்கலாம். ஆனால் அந்த மூன்று பேரும் கொஞ்ச நேரத்தில் இறங்கிப் போய்விடுவார்கள். அவர்கள் நின்றபோது பலகை மயிரிழை அளவு தொய்ந்திருக்கும். இறங்கியதும் மீண்டும் நிமிர்ந்திருக்கும். தொட்டி இரவு பகலாக, வருசக்கணக்கில், ஒரே இடத்தில் நிற்கும். தொடர்ந்து அழுத்தப்படுகிற மரம் முதல் நாள் தொய்ந்த அளவோடு நின்றுவிடாது; நாள் போகப் போக இன்னும் தொய்யும். நல்ல மரத்தில் முதல் நாள் தொய்வு காலப்போக்கில் இரண்டு மடங்குக்குக் கிட்டப் போகலாம். மரத்தூளையும் பசையையும் அழுத்திச் செய்கிற சிப்போர்ட்டில், அதிலும் ஈரக்காற்று உள்ள இடத்தில், மூன்று மடங்கைத் தாண்டலாம்.

பலகை கொஞ்சம் தொய்ந்தால் என்ன என்று கேட்கலாம். புத்தக அலுமாரியில் தொய்ந்த தட்டுகள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றனதானே. புத்தகம் தட்டோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும். அரிசி மூடையும் வளையும். கண்ணாடி வளையாது. மேசை நடுவில் 3 மில்லிமீற்றர் பதிந்தால் தொட்டியின் அடிக்கண்ணாடி நடுவில் ஒன்றிலும் முட்டாமல் நிற்கும். பாரம் முழுவதும் இரண்டு ஓரங்களுக்கும் நாலு மூலைகளுக்கும் போய்விடும். கண்ணாடி அதைச் சிலகாலம் பொறுக்கும். பிறகு ஒருநாள், சத்தமே இல்லாமல் ஒரு மூலையிலிருந்து கீறல் ஓடும், அல்லது கண்ணாடிகளை ஒட்டிய சிலிக்கன் பொருத்து விட்டுக்கொடுக்கும். தொட்டி வாங்கி எத்தனையோ மாதங்கள் கழித்து "ஒண்டும் செய்யேல்லை, தானாய் வெடிச்சது" என்று சொல்லப்படுவதில் பல, தொட்டியின் குற்றம் அல்ல. அடியில் நின்றதன் குற்றம்.

தொய்வைப் பற்றி இரண்டு கணக்குகளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஒரே பாரத்தை வைத்துக்கொண்டு, பலகையைத் தாங்கும் இரண்டு கால்களுக்கு இடையிலான தூரத்தை இரண்டு மடங்காக்கினால் தொய்வு எட்டு மடங்காகும். அதே பலகையின் தடிப்பை இரண்டு மடங்காக்கினால் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறையும். ஆனால் இரண்டு பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சும்மா அடுக்கினால் பாதிதான் குறையும். பசை பூசி, இறுக்கி, இரண்டும் ஒரே பலகையாக வேலை செய்தால்தான் அந்த எட்டு மடங்கு கிடைக்கும்.

எங்கள் வீட்டுச் சாமான்களைப் பார்ப்போம்

வன்னியில் பழைய தளபாடம் உள்ள வீடு குறைவு. 2009இல் போரில் இடம்பெயர்ந்தபோது முதிரை அலுமாரியையும் பாலைமரக் கட்டிலையும் தூக்கிக்கொண்டு யாரும் வரவில்லை. திரும்பி வந்து வீட்டுத்திட்ட வீடு கட்டிக் குடியேறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தவைதான் இப்போது பல வீடுகளில் நிற்பவை: பிளாஸ்ரிக் கதிரை, இரும்பு அலுமாரி, தவணைக் காசுக்கு எடுத்த சிப்போர்ட் ரீவி ஸ்ராண்ட். அதனால் வெளிநாட்டு வீடியோக்களில் கனத்த மர அலுமாரியின்மேல் தொட்டி வைப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே செய்ய முடியாது. அங்கே இருப்பது வேறு சாமான், இங்கே இருப்பது வேறு.

ரீவி ஸ்ராண்டை முதலில் எடுக்கிறேன். தொட்டி வைக்கத் தோதாகத் தெரிவது அதுதான், பெரும்பாலும் ஏமாற்றுவதும் அதுதான். உயரம் சரி, நீளம் சரி, மேலே வழுவழுப்பான பலகை. குனிந்து அதன் பக்கப் பலகையையும் மேற்பலகையையும் சேர்த்துப் பாருங்கள். மேற்பலகை இரண்டு பக்கப் பலகைகளின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறதா, அல்லது அவற்றுக்கு இடையில் நுழைத்துப் பொருத்தப்பட்டிருக்கிறதா? தலைமேல் உட்கார்ந்திருந்தால் பாரம் பக்கப் பலகை வழியாக நேரே தரைக்கு இறங்கும். இடையில் நுழைத்திருந்தால் உங்கள் 75 கிலோவும் சில ஆணிகளிலும் விரலளவு மரக்குச்சிகளிலும் தொங்கும். சிப்போர்ட்டில் ஏறிய ஆணி நாளடைவில் தன் துளையைத் தானே அகலமாக்கும். இந்த ஒரு பார்வையிலேயே பாதிச் சாமான்களைத் தள்ளிவிடலாம்.

அடுத்து, கீழ்ப்பக்க ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். வீடு கழுவும்போது தண்ணீர் பட்டுப்பட்டு ஓரம் பொருமி, மேலே ஒட்டிய தாள் உரிந்திருந்தால் அந்த ஸ்ராண்டை மறந்துவிடுங்கள். பொருமிய சிப்போர்ட் காய்ந்தாலும் பழைய பலத்துக்கு வராது. பொருமாத நல்ல ஸ்ராண்டாகவே இருந்தாலும், 16 அல்லது 18 மில்லிமீற்றர் பலகையில் நடுவில் தாங்கல் இல்லாமல் நாலடி நீளத்துக்கு ஓடுகிற மேற்பலகையின் நடுவில் தொட்டி வைக்க வேண்டாம். சிப்போர்ட்டின் விறைப்பு நல்ல மரத்தின் விறைப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். நடுவில் நிமிர்ந்த ஒரு பலகை தரைவரை போகிறதென்றால், தொட்டியின் ஒரு ஓரம் அதன் மேலும் மற்ற ஓரம் பக்கப் பலகையின் மேலும் வருமாறு இரண்டடித் தொட்டியை வைக்கலாம். மூன்றடித் தொட்டியைச் சிப்போர்ட்டில் வைக்கவே வேண்டாம் என்பது என் முடிவு.

படிப்பு மேசை, சாப்பாட்டு மேசை போன்ற மர மேசைகளில் பார்க்க வேண்டியது கீழ்ப்பக்கம். மேற்பலகைக்குக் கீழே நாலு பக்கமும் சட்டம் ஓடி, அந்தச் சட்டம் காலுக்குள் கழுந்து வைத்து, அதாவது நுனியைச் செதுக்கிக் காலின் துளைக்குள் செருகி, பொருத்தியிருந்தால் அது நல்ல தச்சு வேலை. பாரம் பலகையிலிருந்து சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து காலுக்கும், காலிலிருந்து தரைக்கும் போகும். ஆனால் மேசை இரண்டரை அடி அகலம், தொட்டி ஓர் அடி அகலம். தொட்டியை மேசையின் நடுவில் வைத்தால் அது சட்டம் எதன்மேலும் நிற்காது. வெறும் பலகையின்மேல்தான் நிற்கும். மேசையைச் சுவருக்குக் கிட்டப் போட்டு, தொட்டியின் பின்விளிம்பு பின்சட்டத்தின்மேல் வருமாறு தள்ளி வைப்பது நல்லது. முன்விளிம்புக்குக் கீழே குறுக்காக இன்னொரு சட்டத்தைத் தச்சரைக் கொண்டு அடித்துவிட்டால் இன்னும் நல்லது. லாச்சி உள்ள பக்கத்தில் பெரும்பாலும் முன்சட்டம் இருக்காது, அல்லது மெல்லியதாக இருக்கும். அந்தப் பக்கத்தைத் தவிர்க்கவும்.

வாங்கு உறுதியானதுதான், ஆனால் ஒடுக்கம். சிறிய தொட்டிக்குச் சரி, சுவருக்குக் கிட்ட அசையாமல் நிற்குமென்றால். தையல் மெசின் மேசை வேண்டாம், அதன் மேற்பலகை கீலில் திறக்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் தலை வேண்டாம். இரும்பு அலுமாரியின் தலையும் வேண்டாம். அது மெல்லிய தகடு, உயரமும் கூட. பிளாஸ்ரிக் மேசையில் பைட்டர் மீன் போத்தலுக்கு மேல் எதையும் வைக்க வேண்டாம்.

யாராவது ஒருவர் வீட்டில் பழைய பெட்டகம் தப்பி நின்றால், பாரத்தைப் பொறுத்தவரை அதற்கு இணை இல்லை. தடித்த பக்கப் பலகைகள் நாலும் தரைவரை போகின்றன. ஆனால் மேலே இருப்பது மூடி. அது பக்கப் பலகைகளின்மேல் சுற்றிவர முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். தொட்டி வைத்த பிறகு பெட்டகத்தைத் திறக்க முடியாது என்பதையும், தண்ணீர் சிந்தி அந்த மரம் கறுக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு மனம் வராது.

பக்கவாட்டு ஆட்டம்

மேலிருந்து கீழே அழுத்துவதைத் தாங்கும் மேசையே பக்கத்திலிருந்து தள்ளினால் சரியலாம். பலர் பார்க்காமல் விடுவது இதைத்தான். வெறும் மேசையின் ஓர் ஓரத்தில் கையை வைத்து நீளவாக்கில் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள், பிறகு அகலவாக்கில். காலும் சட்டமும் சேரும் இடத்தில் சின்ன ஆட்டம் தெரிந்தால், தண்ணீர் நிரப்பியதும் அது பெரிதாகும். தண்ணீர் ஒரு பக்கம் அலைந்தால் பாரமும் அந்தப் பக்கம் போகும். அது மேசையை இன்னும் தள்ளும். பின்னாலிருந்து ஓடி வருகிற பிள்ளை மேசையைப் பிடித்து நிற்பது அன்றாடம் நடப்பது.

இதற்கு மருந்து மலிவானது. பின்பக்கக் கால்கள் இரண்டுக்கும் இடையில் மூலைவிட்டமாக ஒரு ரீப்பையை அடித்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். அல்லது பின்பக்கம் முழுவதையும் பிளைவூட்டால் மூடி ஆணி அடிக்கலாம். கடையில் வாங்கும் ஸ்ராண்டுகளின் பின்னால் இருக்கும் மெல்லிய அட்டைப் பலகை செய்கிற வேலையும் இதுதான். வயர் விடுவதற்கென்று அதைக் கழற்றி எறிகிறவர்கள் ஸ்ராண்டின் முதுகெலும்பைக் கழற்றுகிறார்கள்.

தரை, மாரி, கறையான்

சீமெந்துத் தரை போட்ட வீட்டில் தரையைப் பற்றிய கவலை குறைவு. மண் தரை, அல்லது அரைகுறையாகச் சீமெந்து பூசிய விறாந்தை என்றால் கணக்கு வேறு. 250 கிலோத் தொட்டி நாலு கால்களில் நின்றால் ஒரு காலுக்கு 60 கிலோவுக்கு மேல். கால் 2 அங்குலத்துக்கு 2 அங்குலம் என்றால் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 15 கிலோவுக்கு மேல் அழுத்தும். கோடையில் இறுகிய மண் அதைத் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் ஈரம் ஏறினால் ஒரு கால் மட்டும் கொஞ்சம் இறங்கும். நாலும் ஒரேயளவில் இறங்குவதில்லை. மேசை முறுக்கும், அதன்மேல் கண்ணாடியும் முறுக்கப்படும். இரண்டு முன்கால்களுக்கும் கீழே நீளமாக ஒரு கனத்த சட்டம், பின்கால்களுக்கு இன்னொன்று என்று போட்டால் பாரம் பரவும்.

கறையானைப் பற்றி வன்னியில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் தொட்டிக்குக் கீழே உள்ள மரத்தில் அது இரட்டிப்பு ஆபத்து. வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது சிந்துகிற ஈரம் அதற்குப் பிடித்தது. கறையான் மேற்தோலை விட்டுவிட்டு உள்ளேதான் தின்னும்; வெளியே வர்ணம் மினுங்கிக்கொண்டிருக்கும். தொட்டி ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு காலையும் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். திடமான சத்தம் திடீரென்று பொள்ளலாக மாறுகிற இடத்தில் திருப்புளியின் நுனியை அழுத்துங்கள். உள்ளே போனால் அந்த மேசை தொட்டிக்கு உதவாது. கால்களைச் சுவரில் முட்டாமல் இரண்டு விரல் தள்ளி வைத்தால் மண்கோடு ஏறுவதைக் கண்ணால் காணலாம்.

ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை

தொட்டி நிற்கப்போகிற இடத்தில் அதே அளவு பாரத்தை முதலில் வைத்துப் பாருங்கள். இரண்டடித் தொட்டிக்கு 25 கிலோ அரிசிப் பை மூன்று போதும். வைப்பதற்கு முன் மேசையின் முன்விளிம்பில் ஒரு நூலை இரண்டு நுனிகளிலும் இழுத்துக் கட்டி, பலகைக்கும் நூலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பைகளை ஏற்றிய அன்று ஒருமுறை, ஒரு கிழமை கழித்து ஒருமுறை. இடைவெளி கூடிய அளவு 1 மில்லிமீற்றருக்குள் நின்றால் நான் தொட்டியை ஏற்றுவேன். 2 மில்லிமீற்றரைத் தாண்டினால், அல்லது ஒரு கிழமையில் கூடிக்கொண்டே போனால், வேறு சாமான் தேடுவேன். பை பலகையோடு சேர்ந்து வளைவதால் மேசை தாங்கிவிட்டது என்றே தோன்றும். நூலை மட்டும் நம்புங்கள்.

மட்டம் பார்ப்பதற்கு மேசனிடம் ஸ்பிரிட் லெவலை இரவல் வாங்கலாம். ஆப்பு வைப்பதானால் மேசைக் காலுக்குக் கீழேதான், ஒருபோதும் கண்ணாடிக்குக் கீழே அல்ல. பிறகு தொட்டியில் இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டு, நாலு மூலையிலும் தண்ணீரின் உயரத்தை அளந்தால் மிச்சம் தெரிந்துவிடும்.

எங்கள் கடைகளில் கண்ணாடியை வெட்டி ஒட்டித் தருகிற தொட்டிகளுக்கு அடிச்சட்டம் இல்லை. அடிக்கண்ணாடி முழுவதும் பலகையில் படும். அதற்குக் கீழே அரை அங்குல ரெஜிபோம் (லேசான வெள்ளை நுரைப்பலகை) ஒன்றைப் போட வேண்டும். ஒரு மணல் துகள், ஆணித் தலை, வர்ணக் கட்டி போன்ற சின்ன மேடுகளை அது விழுங்கிக்கொள்ளும். தொய்ந்த மேசையை அது நிமிர்த்தாது. அடியில் பிளாஸ்ரிக் சட்டம் ஓடுகிற வெளிநாட்டுத் தொட்டிகளுக்கு ரெஜிபோம் தேவையில்லை. அவை சட்டத்தின்மேலேயே நிற்குமாறு செய்யப்பட்டவை.

மின்சாரத்தைப் பற்றி ஒன்று: மோட்டர் வயரை, பிளக் பொயின்ற்றைவிடக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலே ஏற்றிச் செருகுங்கள். வயர் வழியாக வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

வீட்டில் எதுவும் தேறவில்லை என்றால் இரண்டு வரிசை சீமெந்துக் கல்லை அடுக்கி, மேலே நல்ல தடித்த பலகை போடலாம். கல்லின் வரிசைகள் தொட்டியின் இரண்டு ஓரங்களுக்கும் நேர் கீழே வர வேண்டும். மூன்றடித் தொட்டிக்கு நடுவில் மூன்றாவது வரிசை. முழங்கால் உயரத்துக்கு மேல் சும்மா அடுக்க வேண்டாம், சாந்து வைத்துக் கட்டுங்கள். வர்ணம் பூசினால் வடிவாகவும் இருக்கும். வீடு கட்டி மிஞ்சிய கல் வளவில் கிடந்தால் செலவு பலகைக்கு மட்டும்தான்.

ஏற்கெனவே தளபாடத்தின்மேல் தொட்டி வைத்திருப்பவர்கள், தொட்டியைவிடக் கீழே உள்ள கதவையும் லாச்சியையும் கவனியுங்கள். இதுவரை இலகுவாகத் திறந்த கதவு மேலே உரசத் தொடங்கினால், லாச்சி இறுகினால், மேற்பலகை இறங்குகிறது. சிலிக்கன் பொருத்தில் புதிதாகக் காற்றுக்குமிழ் தெரிவதும், தண்ணீர் மட்டம் ஒரு பக்கம் விளிம்புக்குக் கிட்டப் போவதும் அதையே சொல்லும். அப்படிக் கண்டால் தொட்டியைத் தண்ணீரோடு தூக்க முயல வேண்டாம். நாலு பேர் பிடித்தாலும் மூலைகள் ஒரேயளவில் எழும்பாது, அப்போதுதான் அடிக்கண்ணாடி உடையும். மீன்களை அதே தண்ணீர் விட்ட வாளியில் எடுத்து, மிச்சத் தண்ணீரை முழுவதும் இறைத்து, கல்லையும் அள்ளிவிட்டு, வெறும் தொட்டியை இரண்டு பேராகக் கீழே இறக்குங்கள். பில்டரின் பஞ்சைக் கழுவாமல் மீன் வாளியிலேயே போட்டுவையுங்கள். மீன்கழிவை முறிக்கிற நல்ல கிருமிகள் அதில்தான் இருக்கின்றன, காய்ந்தால் செத்துவிடும்.